அடிமைக் கூலி முறையை எதிர்த்த ஆசிரியர் கோகலே

ஆப்ரகாம் லிங்கனின் கதையைக் கேளாத பள்ளிப் பிள்ளை இருக்க முடியாது. மரக்குடிசையில் பிறந்தார், அடுப்பு வெளிச்சத்தில் படித்தார், அமெரிக்க ஜனாதிபதி ஆனார், 1863-ம் ஆண்டு ஜனவரி முதல் தேதி அடிமைகளின் விடுதலைப் பிரகடனத்தை வெளியிட்டார் என்று நம் பிள்ளைகள் மூச்சு விடாமல் ஒப்பிக்கிறார்கள். அது நல்ல பாடம். பிள்ளைகள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டியது.

ஆனால் நம் ஊர்களிலிருந்து பாட்டன், பூட்டன்மாரைக் கப்பல் ஏற்றிக்கொண்டு போன கூலி ஒப்பந்த முறை எப்படி ஒழிந்தது, அதை ஒழிக்க முன்நின்றவர் யார் என்று கேட்டுப் பாருங்கள். பிள்ளையும் விழிக்கும், பெற்றோரும் விழிப்பார்கள்.

அவர் பெயர் பெங்களூரிலேயே இருக்கிறது. பசவனகுடிப் பக்கம் புல் டெம்பிள் ரோட்டில் போகிறவர்கள் கோகலே இன்ஸ்டிடியூட் என்ற பெயர்ப்பலகையைப் பார்த்திருப்பார்கள். கன்னட நாட்டின் பெரிய எழுத்தாளர் டி. வி. குண்டப்பா 1945-ல் அதை நிறுவினார். முல்பாகலில் பிறந்த அவர் கோகலேயின் வாழ்க்கையைக் கன்னடத்தில் எழுதியவர். தாம் ஆரம்பித்த நிலையத்துக்குத் தம் பெயரைச் சூட்டாமல் கோபால கிருஷ்ண கோகலேயின் பெயரைச் சூட்டினார்.

கோகலேயும் ஒரு தலைவர்தான். 1905-ல் காசியில் கூடிய காங்கிரஸ் மகாசபைக்கு அவர் தலைமை வகித்தார். லிங்கனுக்குப் படை இருந்தது, அதிகாரம் இருந்தது. கோகலேக்கு இருந்ததெல்லாம் சட்டசபையில் ஒரு நாற்காலியும், கை நிறையப் புள்ளிவிவரங்களும், வாத்தியாருக்கு உரிய பொறுமையும்தான்.

எட்டு ரூபாயில் படிப்பு

லிங்கன் மறைந்த மறு வருஷம், 1866-ம் ஆண்டு மே 9-ம் தேதி, ரத்னகிரி ஜில்லாவில் கோட்லுக் என்ற சிற்றூரில் கோகலே பிறந்தார். தகப்பனார் கிருஷ்ணராவ் சிறிய சம்பளக்காரர். 1879-ல், கோபாலனுக்கு 13 வயதாக இருக்கும்போது, அவர் காலமானார்.

வீட்டில் யாராவது ஒருவர் படிப்பை விட்டால்தான் அடுப்பு எரியும் என்ற நிலை. அண்ணன் கோவிந்தராவ் படிப்பை நிறுத்திவிட்டு வேலைக்குப் போனார். மாதச் சம்பளம் 15 ரூபாய். அதில் 8 ரூபாயைக் கோல்ஹாப்பூரில் படித்த தம்பிக்கு அனுப்பிவிட்டு, மீதி 7 ரூபாயில் குடும்பத்தைத் தாங்கினார். ஊருக்கு மணியார்டர் அனுப்பிப் பழகிய நம்மவர்களுக்கு அந்த 8 ரூபாயின் கனம் தெரியும். தம்பிக்கும் தெரிந்திருந்தது.

ஒரு சமயம் நண்பன் ஒருவன் அவரை நாடகத்துக்கு அழைத்துப் போனான். இலவசம் என்று நினைத்துப் போனவரிடம் பிறகு இரண்டணா கேட்டான். அந்த இரண்டணாவை மிச்சம் பிடிக்க விளக்கெண்ணெய் வாங்குவதை நிறுத்திவிட்டுத் தெருவிளக்கின் அடியில் உட்கார்ந்து படித்தார் என்று சொல்வார்கள். வகுப்பில் கணக்கைச் சரியாகப் போட்டதற்காக ஆசிரியர் மெச்சியபோது, அது பிறர் உதவியோடு போட்டது என்று அழுதுகொண்டே சொல்லிவிட்டார் என்பதும் அவரைப் பற்றி வழங்கிவரும் கதை.

1884-ல் பம்பாய் எல்பின்ஸ்டன் கல்லூரியில் பி.ஏ. தேறினார். அந்தக் காலத்து பி.ஏ.வுக்கு சர்க்கார் உத்தியோகம் தானாகத் தேடி வரும். வக்கீல் ஆனால் பணம் கொட்டும். அண்ணன் பட்ட கடனும் பாடும் கண் முன்னே இருந்தன. ஆனாலும் கோகலே தேர்ந்தெடுத்தது பள்ளிக்கூட வாத்தியார் வேலை.

எழுபத்தைந்து ரூபாய் வாத்தியார்

பூனாவில் திலகர், அகர்க்கர் முதலியவர்கள் டெக்கான் கல்விச் சங்கத்தை நடத்திவந்தார்கள். அதில் ஆயுள் உறுப்பினராகச் சேர்கிறவர் 75 ரூபாய் சம்பளத்தில் 20 வருஷம் பாடம் சொல்லித் தர வேண்டும். கோகலே அந்த விரதத்தை ஏற்றார். பெர்குசன் கல்லூரியில் கணக்கு, ஆங்கிலம், சரித்திரம், பொருளாதாரம் என்று எது கொடுத்தாலும் நடத்தினார். பள்ளிப் பிள்ளைகளுக்கு அவர் எழுதிய கணக்குப் புத்தகம் பல இடங்களில் பாடமாக இருந்தது. விடுமுறை வந்தால் கல்லூரிக் கட்டடத்துக்கு நிதி திரட்ட ஊர் ஊராகப் போவார்.

நீதிபதி ரானடே அவருக்குப் பொது வாழ்வின் குரு. எதையும் ஆதாரத்தோடு பேச வேண்டும், எழுதியதைப் பல முறை சரிபார்க்க வேண்டும் என்ற கண்டிப்பு அந்தப் பள்ளியில் படித்தது. அந்தக் கண்டிப்பை ஒரே ஒரு தடவை தவறவிட்டுப் பட்ட அவதியும் உண்டு. 1897-ல் அவர் இங்கிலாந்தில் இருந்தபோது, பூனாவில் பிளேக் தடுப்பு வேலையில் சோல்ஜர்கள் பெண்களிடம் முறைகேடாக நடந்ததாகக் கடிதங்கள் வந்தன. அதை ஒரு பத்திரிகையில் சொல்லிவிட்டார். ஊர் திரும்பியபோது சாட்சி சொல்ல ஒருவரும் முன்வரவில்லை. நிரூபிக்க முடியாததைச் சொன்னது தவறு என்று பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். கோழை என்று ஊரே ஏசியது. பதில் பேசாமல் தாங்கிக்கொண்டார். அதன் பிறகு அவர் சொன்ன எந்தப் புள்ளிவிவரத்தையும் சர்க்கார் எளிதில் மறுக்க முடியவில்லை.

1902-ல் 30 ரூபாய் பென்ஷனோடு கல்லூரியிலிருந்து ஓய்வு பெற்றார். அதே வருஷம் வைஸ்ராயின் சட்டசபையில் பட்ஜெட் மீது பேசினார். பட்ஜெட்டில் மிச்சம் காட்டுகிற சர்க்கார் ஏழையின் உப்புக்கு ஏன் இத்தனை வரி போடுகிறது என்று கணக்கை வைத்தே கேட்டார். மணங்குக்கு இரண்டரை ரூபாயாக இருந்த உப்பு வரி 1903-ல் இரண்டு ரூபாய் ஆயிற்று. 1905-ல் ஒன்றரை ரூபாய், 1907-ல் ஒரு ரூபாய் என்று படிப்படியாக இறங்கியது. கணக்கு வாத்தியாரின் பேச்சுக்குப் பலன் இருந்தது.

தார்வாரில் சொன்னது

இன்றைய கர்நாடகத்தில் இருக்கும் தார்வாரில் 1903-ல் ஒரு சமூக சீர்திருத்த மாநாடு நடந்தது. தீண்டாமையைப் பற்றிய தீர்மானத்தில் கோகலே பேசினார். தென்னாப்பிரிக்காவில் வெள்ளைக்காரன் நம்மை இழிவாக நடத்துகிறான் என்று குறைப்படும் நாம், நம் ஊரில் தாழ்த்தப்பட்ட மக்களை எப்படி நடத்துகிறோம் என்ற கேள்வியை, ரானடே முன்பு எழுப்பியதை நினைவூட்டி, சபையின் முன் வைத்தார். மேல்சாதியில் பிறந்த ஒருவர் மேல்சாதியார் நிறைந்த சபையில் அதைச் சொன்னார்.

இதைத் தனியாகக் குறிப்பிடக் காரணம் உண்டு. கூலிக் கப்பலில் ஏறியவர்களில் பெரும் பகுதியினர் சாதிக் கொடுமைக்கும் பஞ்சத்துக்கும் கடனுக்கும் தப்பி ஓடியவர்கள். ஊரில் நிம்மதி இருந்திருந்தால் கடலைத் தாண்டியிருக்க மாட்டார்கள்.

கூலிக் கப்பல்கள்

பிரிட்டிஷ் குடியேற்ற நாடுகளில் 1834-ல் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது. கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டியிருந்தது. அடிமை என்று சொல்லாமல் ஒப்பந்தக் கூலி என்று பெயர் வைத்து இந்தியாவிலிருந்து ஆள் பிடித்தார்கள். மொரிஷியஸ், டிரினிடாட், கயானா, நேட்டால், பிஜி என்று கப்பல்கள் போயின.

தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு முதல் கப்பல் சென்னையிலிருந்துதான் போயிற்று. ட்ரூரோ என்ற அந்தக் கப்பல் 1860-ம் ஆண்டு நவம்பர் 16-ம் தேதி டர்பன் துறைமுகத்தை அடைந்தது. 1911 வரை நேட்டாலுக்குச் சுமார் ஒன்றரை லட்சம் பேர் போனார்கள். அவர்களில் மூன்றில் இரண்டு பங்கு பேர் சென்னைத் துறைமுகத்தில் ஏறிய தமிழரும் தெலுங்கரும். கரும்புத் தோட்டத்துக்கும் நிலக்கரிச் சுரங்கத்துக்கும் மட்டுமல்ல, நேட்டால் ரயில்வேக்கும் அவர்கள்தான் ஆட்கள். தண்டவாளத்தைப் பராமரித்த கேங்குகளில் நம்மவர்கள் இருந்தார்கள்.

ஒப்பந்தம் ஐந்து வருஷம். ஆரம்பத்தில் மாதக் கூலி 10 ஷில்லிங். எங்கே போகிறோம், எத்தனை தூரம், என்ன வேலை என்பது பலருக்குத் தெரியாது. ஆள் பிடித்தவனுக்குத் தலைக்கு இவ்வளவு என்று கமிஷன். ஒரு முறை கைநாட்டு வைத்துவிட்டால், தோட்டத்தை விட்டுச் சீட்டில்லாமல் வெளியே போவதும் குற்றம், வேலைக்கு வராததும் குற்றம். வேறு வேலைக்காரன் வேலையை விட்டால் கணக்குத் தீர்த்து அனுப்புவார்கள். இவனை ஜெயிலில் போடுவார்கள். கப்பலில் 100 ஆண்களுக்கு 40 பெண்கள் என்று விகிதம் வைத்திருந்ததால் குடும்பங்கள் சீரழிந்தன. தோட்டங்களில் தற்கொலைகள் பெருகின.

ஐந்து வருஷம் முடித்தவனும் சுதந்திரமாக இருக்கக் கூடாது என்று நேட்டால் சர்க்கார் 1895-ல் ஒரு சட்டம் போட்டது. அதன்பின் ஒப்பந்தத்தில் வந்தவர்கள், ஒப்பந்தம் முடிந்து ஊர் திரும்பாமல் அங்கேயே தங்கினால், ஆள் ஒன்றுக்கு வருஷம் 3 பவுன் வரி கட்ட வேண்டும். 16 வயதைத் தாண்டிய பையனுக்கும், 13 வயதைத் தாண்டிய பெண்ணுக்கும் அதே வரி.

பிள்ளைகளுக்கு இதைக் கணக்காகவே கொடுக்கலாம். ஒரு பவுனுக்கு 20 ஷில்லிங். மாதக் கூலி 10 ஷில்லிங். 3 பவுன் வரி எத்தனை மாதச் சம்பளம்? ஆறு மாதம் என்று விடை வரும். புருஷன், மனைவி, வயது வந்த ஒரு பிள்ளை என்று மூன்று பேர் இருந்தால் என்ன ஆகும் என்று அடுத்த கேள்வியைக் கேளுங்கள். வரி கட்ட முடியாதவனுக்கு மறுபடியும் ஐந்து வருஷ ஒப்பந்தத்தில் கைநாட்டு வைப்பதுதான் வழி. சட்டத்தின் நோக்கமும் அதுதான்.

ஒரே மாதத்தில் இரண்டு தோல்வி

காந்தியடிகள் 1896-ல் பூனாவில் கோகலேயை முதல் முறையாகச் சந்தித்தார். பிற்பாடு அவரைத் தம் அரசியல் குரு என்றே கருதினார். தென்னாப்பிரிக்காவிலிருந்து காந்திஜியும் அவர் தோழர் போலக்கும் விவரங்களைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். சென்னையில் ஜி. ஏ. நடேசன், அங்கிருந்து நாடு கடத்தப்பட்டு வந்திறங்கிய சத்தியாக்கிரகிகளுக்கு 1910-ல் ஆதரவு கொடுத்தார்.

1910 பிப்ரவரியில் கோகலே சட்டசபையில் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலி ஆள் பிடிப்பதை நிறுத்த வேண்டும் என்பது அது. சர்க்கார் ஒப்புக்கொண்டது. 1911 ஜூலை முதல் நேட்டாலுக்கு ஆள் அனுப்புவது நின்றது.

அடுத்து, எந்த நாட்டுக்கும் இந்த முறையில் ஆள் அனுப்பக் கூடாது என்று 1912 மார்ச் 4-ம் தேதி தீர்மானம் கொண்டுவந்தார். ஏமாற்றி ஆள் பிடிப்பது, ஜெயில் தண்டனை, பெண்களின் கதி, தற்கொலைகள் என்று சர்க்காரின் சொந்த அறிக்கைகளிலிருந்தே ஆதாரம் காட்டினார். இந்திய உறுப்பினர்கள் அவர் பக்கம் நின்றார்கள். அதிகாரிகளின் வாக்குகள் தீர்மானத்தைத் தோற்கடித்தன.

அந்த மார்ச் மாதத்தின் இரண்டாவது தோல்வி அவருக்கு இன்னும் வலித்திருக்கும். ஆரம்பக் கல்வி மசோதாவை அவர் 1911-ல் கொண்டுவந்திருந்தார். முனிசிபாலிட்டிகளும் ஜில்லா போர்டுகளும் விரும்பினால், 6 முதல் 10 வயது வரை உள்ள பையன்களைப் பள்ளிக்கு அனுப்புவதைக் கட்டாயமாக்கலாம், பின்னர் பெண் பிள்ளைகளுக்கும் விரிவாக்கலாம், ஏழைப் பெற்றோரிடம் சம்பளம் வாங்கக் கூடாது என்பது மசோதா. மிகவும் அடக்கமான திட்டம்தான். சர்க்கார் பணம் இல்லை என்றது. பெரிய நிலக்காரர்களில் பலர் சர்க்காரோடு சேர்ந்துகொண்டார்கள். மார்ச் 19-ம் தேதி 38-க்கு 13 என்ற கணக்கில் மசோதா தோற்றது.

இரண்டு தோல்விகளும் ஒன்றுக்கொன்று சம்பந்தம் உள்ளவை. படிக்கத் தெரியாதவன்தான் என்ன எழுதியிருக்கிறது என்று அறியாமல் கைநாட்டு வைத்தான். அக்ரிமெண்ட் என்ற சொல்லைக்கூட அவன் கிர்மிட் என்றுதான் சொல்லத் தெரிந்துகொண்டான். தம் தலைமுறை தோல்விகளின் மூலமாகவே நாட்டுக்குத் தொண்டு செய்ய வேண்டியிருக்கிறது என்று கோகலே மனதைத் தேற்றிக்கொண்டு அடுத்த வேலைக்குப் போனார்.

தென்னாப்பிரிக்காவில்

அந்த வருஷம் அக்டோபர் 22-ம் தேதி கோகலே கேப்டவுனில் இறங்கினார். நீரிழிவு நோய் அவரை வாட்டிக்கொண்டிருந்தது. 1893-ல் காந்திஜியை முதல் வகுப்புப் பெட்டியிலிருந்து இறக்கிவிட்ட அந்த நாட்டில், கோகலேக்கு சர்க்கார் தனி சலூன் வண்டியே கொடுத்தது. நகர மேயர்கள் வரவேற்றார்கள். ஜோகன்னஸ்பர்க் ஸ்டேஷனில் தோரணம் கட்டினார்கள்.

மரியாதையில் அவர் மயங்கவில்லை. டால்ஸ்டாய் பண்ணைக்குப் போகும்போது லாலி ஸ்டேஷனிலிருந்து ஒன்றரை மைல் நடந்தார். மழை பிடித்துக்கொண்டது. சளியும் பிடித்தது. ஆனாலும் மற்றவர்கள் கை கால் பிடித்துவிட வந்தபோது ஒப்பவில்லை. நேட்டாலில் 3 பவுன் வரியில் நொந்தவர்களின் குறைகளை நேரில் கேட்டார். நவம்பரில் பிரிட்டோரியாவில் போத்தா, ஸ்மட்ஸ் ஆகிய மந்திரிகளைப் பார்த்துப் பேசினார். வரி எடுபடும் என்ற உறுதி கிடைத்ததாக நம்பிக்கையோடு கப்பல் ஏறினார்.

மறு வருஷம் அந்த சர்க்கார், அப்படி வாக்குக் கொடுக்கவில்லை என்று கைவிரித்தது. அதன் பிறகுதான் 1913-ன் பெரிய போராட்டம் வெடித்தது. தமிழ்ப் பெண்கள் நியூகாசில் நிலக்கரிச் சுரங்கங்களுக்குப் போய்த் தொழிலாளிகளிடம் இந்த வரியின் அநியாயத்தை எடுத்துச் சொன்னார்கள். ஆயிரக்கணக்கில் வேலைநிறுத்தம் ஆயிற்று. 2,037 ஆண்களும், 127 பெண்களும், 57 குழந்தைகளும் டிரான்ஸ்வால் எல்லையைத் தாண்டி நடந்தார்கள். சிறை சென்று நோயோடு வெளிவந்த தில்லையாடி வள்ளியம்மை 1914 பிப்ரவரி 22-ம் தேதி 16 வயதில் உயிர் நீத்தாள்.

இங்கே கோகலே படுக்கையில் கிடக்க வேண்டிய உடம்போடு ஊர் ஊராகப் போய் நிதி திரட்டி அனுப்பினார். ஆண்ட்ரூஸ், பியர்சன் இருவரையும் தென்னாப்பிரிக்காவுக்கு அனுப்பி வைத்தார். நாடு கொதித்ததைக் கண்டு வைஸ்ராய் ஹார்டிஞ்சே சென்னையில் இந்தியர்களுக்கு அனுதாபமாகப் பேசினார். 1914-ல் இந்தியர் நிவாரணச் சட்டம் வந்தது. 3 பவுன் வரி ஒழிந்தது.

பார்க்காமல் போன வெற்றி

அதே 1914-ல் சர்க்கார் கொடுக்க வந்த சர் பட்டத்தைக் கோகலே வேண்டாம் என்றார். 1915 பிப்ரவரி 19-ம் தேதி பூனாவில் காலமானார். வயது 48. அரசியலில் அவரோடு ஆயுள் முழுவதும் வாதாடிய திலகர் சுடுகாட்டில் நின்று அவர் பெருமையைப் பேசினார். கோகலே வெள்ளைக்காரனிடம் மிதமாகப் பேசுகிறார் என்று குறை சொன்னவர்கள் பலர். அது வேறு வழக்கு. ஏழைக் கூலியின் விஷயத்தில் அவர் வளைந்து கொடுத்ததே இல்லை.

லிங்கன் 1865 ஏப்ரலில் சுடப்பட்டு இறந்தார். அமெரிக்கா முழுவதும் அடிமை முறையை ஒழித்த சட்டத் திருத்தம் டிசம்பரில்தான் நிறைவேறியது. கோகலே விஷயமும் அப்படித்தான். 1916 மார்ச்சில் மாளவியா அதே தீர்மானத்தைச் சட்டசபையில் கொண்டுவந்தார். இந்தத் தடவை சர்க்கார் ஏற்றது. 1917 மார்ச்சில் ஆள் பிடிப்பது நின்றது. 1920 ஜனவரி முதல் தேதி பிஜியில் மீதி இருந்த ஒப்பந்தங்களும் ரத்தாயின.

கல்வி மசோதாவும் சாகவில்லை. பம்பாயில் 1918-லும் சென்னையில் 1920-லும் ஆரம்பக் கல்விச் சட்டங்கள் வந்தன. 6 முதல் 14 வயது வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவசக் கட்டாயக் கல்வி என்ற சட்டம் 2010 ஏப்ரல் முதல் தேதி அமலுக்கு வந்தது. கோகலே கேட்டு ஏறக்குறைய 100 வருஷம் கழிந்திருந்தது.

கோகலே 1905-ல் நிறுவிய இந்திய ஊழியர் சங்கத்துக்கு அவருக்குப் பின் தலைவரானவர் நம் வலங்கைமான் சீனிவாச சாஸ்திரியார். அவரும் திருவல்லிக்கேணியில் பள்ளிக்கூடத் தலைமை ஆசிரியராக இருந்தவர். 1927-ல் இந்திய சர்க்காரின் பிரதிநிதியாகத் தென்னாப்பிரிக்கா போனார். அவர் முயற்சியால் டர்பனில் இந்தியப் பிள்ளைகளுக்கு ஓர் உயர்நிலைக் கல்லூரி எழுந்தது. 1929-ல் திறக்கப்பட்ட அதற்கு சாஸ்திரி கல்லூரி என்றே பெயர். கைநாட்டு வைத்துக் கப்பலேறியவர்களின் பேரப் பிள்ளைகள் அதில் படித்தார்கள்.

கூலி ஒப்பந்தம் ஒழிந்துவிட்டது. கொத்தடிமை முறையும் 1976 சட்டப்படி குற்றம். ஆனாலும் முன்பணம் வாங்கிக்கொண்டு செங்கல் சூளைக்கும் கட்டட வேலைக்கும் குடும்பத்தோடு வருகிறவர்களை நாம் பார்க்கிறோம். பிள்ளையின் படிப்பை நிறுத்தி வேலைக்கு அனுப்பலாமா என்று யோசிக்கும் வீடுகள் நம் பேட்டைகளிலும் உண்டு. அப்படிப்பட்ட வீட்டில்தான் இந்தக் கதையை முதலில் சொல்ல வேண்டும்.

லிங்கனைப் பற்றிப் பிள்ளைக்குப் பாடம் சொல்லும்போது கோகலேயையும் சேர்த்துச் சொல்லுங்கள். தம்பிக்காகப் படிப்பை விட்ட அண்ணனைச் சொல்லுங்கள். 3 பவுன் கணக்கைப் போடச் சொல்லுங்கள். எதில் கையெழுத்துப் போடுவதானாலும் முழுவதும் படித்துப் பார்த்துவிட்டுப் போட வேண்டும் என்பதையும் சொல்லிவையுங்கள். அதற்காகவாவது பிள்ளை பள்ளிக்கூடம் போகட்டும்.